மார் இவானியோஸும் மலங்கரை மறு ஒன்றிப்பும்

மார் இவானியோஸ் (21 செப்டம்பர் 1882 – 15 ஜூலை 1953) மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் மெத்ராப்போலீத்தாவாக (உயர் ஆயராக) இருந்து, 1930ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். சீரோ மலங்கரை கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் பேராயர். பெதனி துறவற சபைகளை நிறுவியவரும் இவரே. கிறித்தவத்துக்குள் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போவது புதிதல்ல. பெரும்பாலும் அது ஒருவர் தன் மனசாட்சியோடு மல்லாடி எடுக்கும் தனி முடிவு. பழைய வழிபாடு, பழைய பதவி, பழைய உறவுகள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். இவானியோஸ் அப்படிப் போகவில்லை. சுமார் நான்கு ஆண்டுகள் ரோமுக்குக் கடிதம் எழுதி, நிபந்தனைகளைப் பேசி முடித்து, தம் வழிபாட்டு முறையையும் ஆயர் பட்டத்தையும் உடன்கொண்டுதான் போனார்.

பின்னணி

கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சிரியாக் மொழியில் வழிபட்டு வந்தவர்கள். கோவா பேராயர் மெனேசிஸ் 1599இல் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அவர்களை லத்தீன் பழக்கவழக்கங்களுக்குள் இழுத்தது. அந்தக் கசப்பு அரை நூற்றாண்டு உள்ளேயே புகைந்து, 3 ஜனவரி 1653 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. போர்ச்சுகீசிய இயேசு சபையினருக்கு இனிப் பணிவதில்லை என்று மக்கள் திரண்டு எடுத்த உறுதிமொழிதான் கூனன் குருசு சத்தியம். அடுத்த சில ஆண்டுகளில் ஒரு பெரும் பகுதியினர் கத்தோலிக்கத் தரப்புக்கே திரும்பினர். மற்றவர்கள் அந்தியோக்கிய சிரியன் சபையோடு உறவு கொண்டு, மேற்குச் சிரியாக் வழிபாட்டுக்கு மாறினர். முன்னவர் பழையகூற்றார், பின்னவர் புத்தன்கூற்றார். இவானியோஸ் பிறந்த சபை புத்தன்கூற்று வழி வந்தது.

பிரிந்துபோனவர்களை மீண்டும் சேர்க்கும் பேச்சு 18ஆம் நூற்றாண்டிலும் எழுந்தது, நிலைக்கவில்லை.

எம்.ஏ. அச்சன்

இவானியோஸின் இயற்பெயர் கீவர்கீஸ். மாவேலிக்கரையில் பணிக்கருவீட்டில் குடும்பத்தில் பிறந்தவர். கோட்டயம் எம்.டி. செமினரி பள்ளியில் படிப்பு. 1900இல் திருத்தொண்டர் பட்டம். பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வந்து எம்.ஏ. முடித்தார். அவருடைய சபையில் அதற்குமுன் எந்தக் குருவும் அந்தப் பட்டம் பெற்றதில்லை. ஆகவே 1908இல் குருவானதும் ஊர் அவரை ‘எம்.ஏ. அச்சன்’ (அச்சன் என்றால் குரு) என்றே கூப்பிடத் தொடங்கியது. அந்தப் பெயர் ஆயராகும்வரை அவரை விடவில்லை. படித்த பள்ளிக்கே தலைமை ஆசிரியராகவும் ஆனார்.

அவர் குருவான காலம் சபை நீதிமன்றத்தில் குடியிருந்த காலம். 1911இல் அந்தியோக்கியப் பாத்ரியார்க்கா (முதுபெரும் தந்தை) அப்துல்லா, மலங்கரை மெத்ராப்போலீத்தாவான வட்டச்சேரில் மார் தியோனீசியோஸைச் சபைவிலக்கு செய்தார். சபைச் சொத்துகளின் மேல் பாத்ரியார்க்காவுக்கு அதிகாரம் உண்டா என்பதே தகராறின் வேர். வட்டச்சேரில் தரப்பு இன்னொரு பாத்ரியார்க்காவான அப்துல் மசீகாவை அழைத்து வந்தது. ஒட்டோமான் அரசு அவரைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது. அவர் 1912இல் நிரணத்தில் மலங்கரைக்கென்று ஒரு கத்தோலிக்கோஸை (தலைமை ஆயரை) அமர்த்தினார். இந்த ஏற்பாட்டில் எம்.ஏ. அச்சனுக்கு முக்கியப் பங்கு உண்டு. சபை இரண்டு கட்சியானது: கத்தோலிக்கோஸ் பக்கம் ஆர்த்தடாக்ஸ் தரப்பு, பாத்ரியார்க்கா பக்கம் யாக்கோபாயத் தரப்பு. 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் எட்டு விழுக்காடு வட்டிக்குப் போட்டு வைத்த 3,000 நட்சத்திர வராகனின் வட்டியை யார் வாங்குவது என்று தொடங்கிய ‘வட்டிப்பண வழக்கு’ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒரு நீதிமன்றம் ஒரு கட்சிக்கும் அடுத்தது மறுகட்சிக்கும் தீர்ப்புச் சொன்னது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் தரப்புகளின் சண்டை இன்னும் ஓயவில்லை. உச்ச நீதிமன்றம் 3 ஜூலை 2017இல் கொடுத்த தீர்ப்பும் இதன் தொடர்ச்சியே.

1913இல் எம்.ஏ. அச்சன் வங்காளத்தின் செராம்பூர் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818இல் ஹூக்ளிக் கரையில் நிறுவிய பாப்டிஸ்ட் கல்லூரி அது. தம் சபை இளைஞர்கள் சிலரையும் படிக்க வைப்பதற்காகக் கூட்டிச் சென்றார். அவர்களில் ஒருவர் பின்னாளில் யாக்கோப் மார் தியோபிலோஸ் ஆனார். துறவு வாழ்வுக்கு முன்வந்த பெண்களுக்குப் பாரிசாலில் இருந்த ஆங்கிலிக்கன் கன்னியரிடம் பயிற்சி கிடைத்தது. பின்னாளில் கத்தோலிக்கரான ஒருவருக்கு வேலை கொடுத்தவர்கள் பாப்டிஸ்டுகள், அவருடைய கன்னியருக்குத் துறவறம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆங்கிலிக்கர்கள். இதை அவருடைய வரலாற்றை எழுதுபவர்கள் போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ரோமைத் தவிர வேறு கதவு அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பெதனி

1919இல் வேலையை விட்டுத் திரும்பினார். ரான்னி பெருநாட்டில் முண்டன்மலை என்ற காட்டுப்பகுதியில் 15 ஆகஸ்ட் 1919 அன்று பெதனி ஆசிரமம் தொடங்கியது. துறவிகள் காவி உடுத்தினர், புலால் விலக்கினர், சிரியன் மரபின் நேரமுறை மன்றாட்டுகளைப் பிசகாமல் சொல்லிவந்தனர். சபரிமலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் அது. காவி உடுத்தித் தாடி வளர்த்த கிறித்தவத் துறவிகள் அங்கே அந்நியராகத் தெரிந்திருக்க மாட்டார்கள். 1925இல் பெண்களுக்கான பெதனி மடமும் எழுந்தது. தொடக்க நாட்களைப் பற்றி ‘கிரிதீபம்’ என்ற நூலை அவரே எழுதினார்.

அதே 1925இல், மே 1 அன்று, நிரணம் தேவாலயத்தில் அவர் ஆயராக அருட்பொழிவு பெற்றார். இவானியோஸ் என்ற பெயர் அப்போது கிடைத்தது. துறவு மடத்தை விட்டு வெளியே வராமலே ஆயர்.

ரோமுடன் கடிதங்கள்

1926இல் பருமலையில் கூடிய ஆயர் மன்றம், கத்தோலிக்கத் திருச்சபையுடன் பேசிப் பார்க்கும்படி இவானியோஸிடம் பொறுப்புக் கொடுத்தது என்பது கத்தோலிக்கத் தரப்பு சொல்லும் வரலாறு. மற்ற ஆயர்கள் பிறகு பின்வாங்கினார்கள், இவர் தொடர்ந்தார். ஆர்த்தடாக்ஸ் தரப்பில் இதை அவருடைய தனி முடிவாகவே பார்ப்பவர்கள் உண்டு. எப்படியானாலும் கடிதங்களின் சாரம் தெளிவானது. மேற்குச் சிரியாக் வழிபாடு கலப்பில்லாமல் நிலைக்க வேண்டும். எங்கள் திருமுழுக்கும் குருத்துவமும் செல்லுபடியானவை என்று ஏற்க வேண்டும். ஆயர்கள் ஆயர்களாகவே தொடர வேண்டும். இதற்கு ஈடாக, பேதுருவின் வழித்தோன்றல் என்ற முறையில் திருத்தந்தையின் அதிகாரத்தை ஏற்கிறோம்.

ரோமுக்கும் அது தோதான காலம். கீழைத் திருச்சபைகளுக்கென்று தனிப் பேராயத்தை 15ஆம் பெனடிக்ட் 1917இல் அமைத்திருந்தார். மலபாரின் பழையகூற்றுக் கத்தோலிக்கருக்கு 1923இல் சொந்த ஆயராட்சி கிடைத்திருந்தது. மறுபுறம், 11ஆம் பயஸ் 1928இல் வெளியிட்ட ஒரு சுற்றுமடல், பிரிந்தவர்கள் ரோமுக்குத் திரும்புவதே ஒற்றுமைக்கு வழி என்று கண்டிப்பாகச் சொன்னது. கையில் கண்டிப்பும் மனதில் இளக்கமும் சேர்ந்திருந்த அந்த ரோமிலிருந்து 4 ஜூலை 1930இல் இசைவு வந்தது.

மறு ஒன்றிப்பு நடந்த நாள் 20 செப்டம்பர் 1930. கொல்லம் ஆயர் இல்லத்தின் சிற்றாலயம். எதிரே கொல்லம் ஆயர் அலோசியஸ் மரிய பென்சிகர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்மேல் சபைத் துறவி. அவருடைய மறைமாவட்டத்திலிருந்து நாகர்கோவில் பகுதியைப் பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டம் உண்டாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. விசுவாச அறிக்கை சொன்னவர்கள் ஐந்தே பேர்: மார் இவானியோஸ், மார் தியோபிலோஸ், பெதனியைச் சேர்ந்த ஒரு குரு, ஒரு திருத்தொண்டர், ஒரு பொதுநிலையினர். கூட்டம் இல்லை, கொடி இல்லை. யாருக்கும் மறுபடி திருமுழுக்கோ குருப்பட்டமோ கொடுக்கப்படவில்லை.

இது எவ்வளவு பெரிய சலுகை என்பது இன்னொருவரோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். ஆக்ஸ்போர்டில் பேர்பெற்ற ஆங்கிலிக்கன் குருவான ஜான் ஹென்றி நியூமன் 9 அக்டோபர் 1845இல் லிட்டில்மோரில் கத்தோலிக்கரானார். ஆண்டுக்கணக்கில் குருப்பணி செய்தவர், 1847இல் ரோமில் புதிதாகக் குருப்பட்டம் பெற வேண்டியிருந்தது. ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று 13ஆம் லியோ 1896இல் முறைப்படி அறிவித்தார். ஆர்த்தடாக்ஸ் சபைகளிலோ ஆயர் பட்டம் திருத்தூதர் காலத்திலிருந்து அறுபடாமல் வருவதாக ரோம் ஏற்கிறது. கத்தோலிக்கம் நோக்கிய பயணங்களை ஒரே அச்சில் வார்க்க முடியாததற்கு இந்த வேறுபாடே முதல் காரணம்.

விட்டுச் சென்றவை

பதவி ஆசையால் போனார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. நடந்ததைப் பார்த்தால் அது ஒட்டவில்லை. மெத்ராப்போலீத்தா என்ற மதிப்பு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வியர்வை சிந்தி உருவாக்கிய முண்டன்மலை ஆசிரமம் ஆர்த்தடாக்ஸ் தரப்பிலேயே நின்றுவிட்டது. பெதனியில் அவரோடு வாழ்ந்த அலெக்சியோஸ் அச்சன் கூடப் போகவில்லை. அங்கேயே இருந்து, பின்னாளில் ஆர்த்தடாக்ஸ் சபையின் ஆயர் மார் தியோடோசியோஸ் ஆனார். இன்று கத்தோலிக்க பெதனி ஒன்றும் ஆர்த்தடாக்ஸ் பெதனி ஒன்றும் ஆக இரண்டு உள்ளன. ஒரே மனிதரைத் தொடக்கமாகக் கொண்ட இரண்டு துறவற வீடுகள், இரண்டு சபைகளில்.

வழக்குகளால் சலித்துப் போனார் என்பது பாதி உண்மை. சலிப்பு மட்டும்தான் காரணம் என்றால் ஒதுங்கிப்போக மார்த்தோமா சபை இருந்தது, ஆங்கிலிக்கர் இருந்தனர். பாத்ரியார்க்காக்கள் இருவர் ஒருவரையொருவர் மறுத்ததைக் கிட்ட இருந்து பார்த்தவர், யாருடைய சொல் இறுதிச் சொல் என்ற கேள்விக்கு விடை தேடினார். அதற்கு ரோம் தந்த விடையே அவருக்கு ஏற்புடையதாகப் பட்டது. அவருடைய முடிவை ஏற்காதவர்களும் கேள்வியின் நியாயத்தை மறுப்பது கடினம்.

பிந்தைய வளர்ச்சி

11 ஜூன் 1932இல் ‘கிறிஸ்தோ பாஸ்தோரும் பிரின்சிப்பி’ என்ற ஆணையால் 11ஆம் பயஸ் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தையும் திருவல்லா மறைமாவட்டத்தையும் நிறுவினார். இவானியோஸ் பேராயர், தியோபிலோஸ் ஆயர். அவ்வாண்டு இவானியோஸ் ரோம் சென்று திருத்தந்தையிடமிருந்து பாலியம் என்ற தோள் துகிலைப் பெற்றார். நிரணம் மெத்ராப்போலீத்தா மார் சேவேரியோஸ் 1937இலும், க்னானாயப் பேராயர் மார் தியோஸ்கோரஸ் 1939இலும் சேர்ந்தனர். பள்ளிகளுக்குப் பின்னால் கல்லூரியும் வந்தது. திருவனந்தபுரத்தின் மார் இவானியோஸ் கல்லூரி 1949இல் தொடங்கியது. அந்நகரின் பட்டம் பகுதியில் உள்ள தேவாலயத்தில் இவானியோஸின் கல்லறை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் பெருநாட்டிலிருந்து மக்கள் நடைப்பயணமாக அங்கே வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இத்திருச்சபைக்கு வேர் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில். அப்போது தெற்குத் திருவிதாங்கூராக இருந்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் 1934இல் பணி தொடங்கியது. லண்டன் மிஷன் சபை அதற்கு நூறாண்டுக்கு முன்பே காலூன்றிய மண் அது. 1956இல் அந்த வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. 1996இல் மார்த்தாண்டம் தனி மறைமாவட்டமானது. அந்தியோக்கிய மரபின் குர்பானா என்னும் திருப்பலியை மார்த்தாண்டத்தில் தமிழில் கேட்கலாம்.

இத்திருச்சபையை 2005இல் ரோம் உயர்பேராயத் திருச்சபையாக உயர்த்தியது. மார் இவானியோஸை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தும் ஆணை மார்ச் 2024இல் வந்தது.

இன்றைய நடைமுறை

இவானியோஸ் பேசிப் பெற்றவை இன்று சட்டமாகவே உள்ளன. 1990இல் வெளியான கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு, ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து வருபவரிடம் தேவைக்கு மேல் எதையும் சுமத்தக் கூடாது என்கிறது. தக்க தயாரிப்புக்குப் பிறகு விசுவாச அறிக்கை சொன்னால் போதும். அவர் தம் சொந்த வழிபாட்டு மரபிலேயே தொடர்வார். பொதுநிலையினர் ஒருவரைப் பங்குத்தந்தையே ஏற்றுக்கொள்ளலாம். பதினான்கு வயது நிரம்பாதவரைப் பெற்றோர் எதிர்த்தால் சேர்க்கக் கூடாது.

ஆனால் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து ரோமோடு சேர்க்கும் வழியை ஒற்றுமைக்கான முறையாக இனிக் கொள்வதில்லை என்று கத்தோலிக்க, பைசாந்திய ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்களின் கூட்டுக் குழு 1993இல் லெபனானின் பாலமாந்தில் அறிவித்தது. மனசாட்சியின்படி ஒருவர் தனியே மாறுவதற்கு அந்த அறிக்கை தடை சொல்லவில்லை. கேரளத்தில் சபைகளுக்கிடையே ஆள் மாறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் எப்போதும் கலியாணம்தான். அதற்கும் 1994இல் ரோமும் மலங்கரை யாக்கோபாய சிரியன் சபையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி இரு சபையைச் சேர்ந்த மணமக்களில் யாரும் சபை மாற வேண்டியதில்லை.