களவியலுரை சொன்னதும் நாம் எழுதுவதும்

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத முன்வரும் புதிய அன்பர்கள் பலர், சான்று காட்டுவதை ஒரு சடங்காகவே கொள்கின்றனர். பத்தியின் இறுதியில் ஏதேனும் ஒரு நூற்பெயரை இட்டால் போதுமென்பது அவர்தம் எண்ணம். முச்சங்க வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

முதற்சங்கம் 4440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850, ஆக 9990. இக்கணக்கை எழுதிச் 'சங்க இலக்கியம்' என்று சான்றிடுவோர் உளர். எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் முற்றப் பயின்றாலும் இவ்வெண்கள் கிட்டா. இவை காணப்படுவது இறையனார் களவியலுரையில். களவியல் அறுபது நூற்பாக்களாலான சிறு இலக்கணம். அந்நூற்பாக்களிலும் இக்கணக்கு இல்லை. உரையில்தான் உண்டு.

அவ்வுரை நக்கீரர் பெயரால் வழங்குகிறது. ஆயினும் பாண்டியன் நெடுமாறனைப் புகழும் கோவைச் செய்யுட்கள் அதன்கண் மேற்கோள்களாக மலிந்துள்ளன. அம்மன்னனை 7ஆம் நூற்றாண்டினன் என்பர் அறிஞர் பலர். ஆதலின், இன்று நாம் காணும் உரைவடிவம் அதற்கு முற்பட்டதாக இருத்தல் அரிது.

சுவையான செய்தி ஒன்றுண்டு. நக்கீரர் தம் மகன் கீரங்கொற்றனார்க்கு உரைத்தது முதல் முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை, தான் வந்த வழியை அவ்வுரையே பெயர் பெயராக அடுக்கிச் சொல்கிறது. சான்று காட்டும் வழக்கம் மேனாட்டார் தந்தது என்பார் அப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம்.

'கடைச்சங்கம் 1850 ஆண்டுகள் நடந்தது' என்று எழுதினால் அதனை மெய்ப்பிக்க நம்மிடம் ஏதுமில்லை. 'நடந்ததாகக் களவியலுரை கூறுகிறது' என்று எழுதினால் உரையே சான்றாகிவிடும்.

குமரிக்கண்டக் கட்டுரைகளில் இக்குழப்பம் இன்னும் பெரிது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகப் பாடியவர் இளங்கோவடிகள். நாற்பத்தொன்பது நாடுகள் அழிந்தன என்றவர் பல நூற்றாண்டுகள் கழித்து உரை வகுத்த அடியார்க்குநல்லார். லெமூரியா என்ற பெயரோ, லெமூர் என்னும் விலங்கினம் பரவிய வகையை விளக்க 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் இட்டது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோத்து, இறுதியில் 'சிலப்பதிகாரம்' என்று குறித்துவிடுகிறோம்!

வாக்கியத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றை இடுக. பதிப்பாசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியனவும் வேண்டும். உ.வே.சா.வின் 1892ஆம் ஆண்டுப் பதிப்பைக் குறித்தால் பெருமையென்று கருத வேண்டா; நாம் பார்த்தது பிற்கால மறுபதிப்பாயின் அதன் ஆண்டையும் பக்கத்தையுமே தருக.