முகிலைக் கடந்த ஞாயிறு

ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது சிலப்பதிகாரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்கு அவ்விரண்டும் நாள்தோறும் பழகியவை. பிரிக்பீல்ட்சில் காலையில் வெயில் காயும். மாலையில் இடியுடன் மழை கொட்டும். ஞாயிற்றை ஆராயும் அறிஞர்க்கோ முகில் ஒரு திரையாகும். அத்திரையைக் கடக்கும் வழியை இருபதாம் நூற்றாண்டு கண்டது. வானொலி அலைகளுக்கு முகில் தடையன்று.

கோலாலம்பூர் ஜப்பானியர் கைப்பட்டது 1942 ஜனவரியில். அடுத்த திங்களில் இங்கிலாந்தின் ராடார் கருவிகளில் பேரிரைச்சல் எழுந்தது. பகைவரின் சூழ்ச்சியோ என ஐயுற்றனர். ஜே. எஸ். ஹே என்னும் அறிஞர் ஆராய்ந்து, இரைச்சல் வந்த திசை ஞாயிறு நின்ற திசையே எனக் கண்டார். அவ்வேளை ஞாயிற்றின் முகத்தில் பெருங்கரும்புள்ளி ஒன்று தோன்றியிருந்தது. போர்க்கருவி அறிவுக்கு வழிகாட்டிற்று.

இவ்வாராய்ச்சியால் மக்களுக்கு என்ன பயன்? தமிழகத்திலிருந்து சிற்றலையில் வந்த தமிழ் ஒலிபரப்பை மலேசியத் தமிழர் ஆவலுடன் கேட்ட காலம் உண்டு. வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பியே சிற்றலை கடல் கடக்கிறது. ஞாயிற்றில் பெருவெடிப்பு நிகழின், அதன் ஊடுகதிர் எட்டு மணித்துளிகளில் புவியை எட்டும். அவ்வடுக்கின் கீழ்ப்பகுதி அலைகளை விழுங்கிவிடும். வானொலிப் பெட்டி பழுதின்றியும் பகலில் குரல் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழகத்தின் உதகையில் கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. சுமார் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேர்ந்து அமைத்தனர். அவ்விடத்தின் அகலாங்கும் அதுவே ஆதலின், கருவியின் அச்சு புவியச்சுக்கு இணையாயிற்று. ஓர் அச்சில் சுழற்றியே ஒரு விண்பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். விண்மீன் நம் காற்றால் மினுக்குவது போல, தொலைவிலுள்ள வானொலி மூலங்கள் ஞாயிற்றுக் காற்றால் மினுக்கும். அம்மினுக்கத்தை அளந்து அக்காற்றின் விரைவை அறிகின்றனர்.

கிள்ளானுக்குத் தெற்கே, பந்திங்கிலுள்ள தேசிய விண்வெளி மையத்திலும் 2012இல் ஞாயிற்றைக் கேட்கும் கருவி இயங்கத் தொடங்கியது. 'கலிஸ்டோ' எனப்படும் அது 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை செவிமடுப்பது. ஓரிடத்தில் ஞாயிறு மறைகையில் வேறிடத்தில் தோன்றுமாதலின், பல நாடுகளில் இத்தகு கருவிகள் நிறுவப்பட்டன. ஆயின் 88 முதல் 108 வரை பண்பலை வானொலிகளின் வரிசை. அங்கு நகரின் ஆரவாரம் ஞாயிற்றின் குரலை மூடிவிடும்.

முகிலை வென்ற அறிவுக்கு மனிதனின் இரைச்சலே இன்று தடையாகிறது. அலைவரிசைகளைப் பங்கிடுவோர் ஆய்வுக்கெனச் சிலவற்றை அமைதியாக விட்டுவைத்தல் வேண்டும். மாணவர் இதனை உணர்ந்து வளர்வாராயின், ஞாயிற்றைப் போற்றிய மரபு அதனை அறியும் மரபாகவும் தழைக்கும்.