வெளியே போட்டால் தீருமா?



போதைப்பொருளோடு பிடிபடும் மாணவனை அன்றைக்கே பாடசாலையை விட்டு விலக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கள் ஊரிலும் பலமாகக் கேட்கிறது. பெற்றோரின் பயம் நியாயமானது. மாவாவும் குளிசையும் ஐஸும் பாடசாலை மதில்வரை வந்துவிட்டதை ஆசிரியர்களாகிய நாங்களும் காண்கிறோம். ஆனாலும் முடிவெடுக்க முதல் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லாமல் போதை பரவவில்லை. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இல் வந்தது. 1984 திருத்தம் 2 கிராம் ஹெரோயின் கடத்தினாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்றது. 2022இல் ஐஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தண்டனை கூடிக்கொண்டே போனது. போதையோ பாடசாலைப் பிள்ளை வரை இறங்கி வந்தது.

‘துளியும் சகிப்பதில்லை’ என்ற கொள்கையைப் பாடசாலைகளில் பெரிதாக நடத்திப் பார்த்தது அமெரிக்கா. 2003இல் அரிசோனாவில் 13 வயது மாணவி ஒருத்தியை உள்ளாடை வரை சோதித்தார்கள். தேடியது சாதாரண வலிக்குளிசை. அவளிடம் எதுவும் இருக்கவில்லை. அந்தச் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கொள்கையால் பாடசாலைகள் பாதுகாப்பானதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2008இல் எழுதியது. விலக்கப்பட்ட பிள்ளைகள் படிப்பையே கைவிடும் வாய்ப்புத்தான் கூடுகிறதாம்.

இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 வயதுப் பிள்ளையை விலக்கினால் அவன் எங்கே போவான்? வகுப்பறை மூடினால், குளிசை விற்றவனின் கதவு திறந்தே இருக்கும்.

நாங்கள் புத்தளம் அகதி முகாம்களில் வளர்ந்த தலைமுறை. 1990 ஒக்டோபர் 30இல் எங்கள் பெற்றோரை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள், இந்தப் பிள்ளை தவறு செய்தவன். இரண்டும் ஒன்றல்ல. ஆனால், விசாரணையில்லாமல் ‘வெளியே போ’ என்ற சொல் ஒரு வாழ்க்கையை என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியாததா?

குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை இன்னொருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை இருந்தது; அவரை ஒதுக்கிவைக்கவில்லை.

ஆகவே விற்பவனைப் பொலிஸிடம் கொடுப்போம். அதில் தயக்கம் வேண்டாம். பாவித்த பிள்ளையையோ பெற்றோரோடு இருத்திப் பேசி, மருத்துவரிடம் கூட்டிப்போவோம். கண்டிப்பும் இருக்கட்டும். ஆனால் அவன் திரும்பி வரும்வரை வகுப்பில் அவனுடைய கதிரையும் இருக்கட்டும்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.