உடற்பயிற்சித் தடிப்பு

ஓட்டம், படியேற்றம், கடும் உழைப்பு ஆகியவற்றால் உடம்பு சூடேறி வியர்க்கத் தொடங்கும்போது அரிப்போடு கிளம்பும் தடிப்பு இது. ஊர்ப்பக்கம் காணாக்கடி என்ற பொதுப் பெயருக்குள் அடங்கிவிடும். பரவலாகக் காணப்படும் வகைக்கு மருத்துவர்கள் வைத்துள்ள பெயர் கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா. அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் 1924இல் இதை விவரித்தார்.

பதின்வயதினரையும் இருபதுகளில் இருப்பவர்களையுமே இது அதிகம் பிடிக்கிறது. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகத் திண்டுக்கல் மைதானங்களில் விடியலில் பயிற்சி எடுப்பவர்களும் அந்த வயதினர்தான். ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் மார்பிலும் கழுத்திலும் சுருக்சுருக்கென்று குத்தும். பிறகு 1 முதல் 3 மி.மீ. அளவில் பொடிப்பொடியாகத் தடிப்புகள் எழும்பும். சுற்றிலும் தோல் சிவந்திருக்கும். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் சுவடே இல்லாமல் அடங்கிவிடும். டோக்கன் வாங்கி மருத்துவரைப் பார்ப்பதற்குள் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எனவே செல்போனில் எடுத்த படம் பெரிதும் உதவும். நாள்கணக்கில் தங்கும் வேர்க்குரு வேறு, இது வேறு.

ஓட்டம்தான் வேண்டும் என்பதில்லை. வெந்நீர்க் குளியல், காரம் தூக்கலான பிரியாணி, கோபம், தேர்வு பயம் எல்லாமே தூண்டும். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் அசிட்டைல்கோலினை வெளியிடுகின்றன; அதையொட்டித் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, அரிப்பு கிளம்புகிறது. சிலருக்குத் தங்கள் வியர்வையே ஒவ்வாமை. தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சையின் புரதம் வியர்வையில் கலப்பதே இதற்குக் காரணம் என்று ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வேடிக்கை என்னவென்றால், சித்திரை வெயிலில் தினமும் வியர்த்துக் கொட்டும்போது சிலருக்குத் தொல்லை குறைகிறது. வியர்வை குறைந்த மார்கழி, தையில் கூடுகிறது.

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்கு வரும் அரிப்பெல்லாம் இந்த நோயல்ல. தொடை உரசலும் வெயிலும் தனிக் காரணங்கள். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேகமாக நடப்பவர்களில் அரிதாகச் சிலருக்கு வரும் ஒரு வகையை அலட்சியப்படுத்தக் கூடாது. அது உடற்பயிற்சியால் வரும் அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை.

இதில் தடிப்புகள் பொடியாக இருக்காது, 10 மி.மீ.க்கு மேல் பட்டையாகப் பரவும். உதடும் கண்ணிமையும் வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும், தலை சுற்றும். வெந்நீர்க் குளியல் மட்டும் இதைக் கொண்டுவராது. சிப்பிவகைக் கடலுணவு சாப்பிட்டுவிட்டு ஓடிய ஒருவருக்கு நேர்ந்தது 1979இல் பதிவானது. மறு ஆண்டே ஷெஃபர், ஆஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பல நோயாளிகளைத் தொகுத்து எழுதினர். இதில் ஒரு வகையினருக்கு உணவு மட்டும் ஒன்றும் செய்யாது, ஓட்டம் மட்டும் ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. கோதுமையிலுள்ள ஒமேகா-5 கிளையாடின் என்ற புரதம் இதில் பேர்போனது. பரோட்டா தின்று உட்கார்ந்திருந்தவர் நன்றாக இருப்பார், தின்றதும் பேருந்தைப் பிடிக்க ஓடியவர் சுருண்டு விழுவார். ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள் நிலைமையை மோசமாக்கும். கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்திய 2000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்ததாக ஜப்பானில் கண்டறியப்பட்டது. அந்தச் சோப்பு 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

பொடித் தடிப்புக்கு மருந்துக்கடையில் பலரும் கேட்டு வாங்குவது அவில். தூக்கம் சொக்கவைக்கும் அம்மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது சரியல்ல. லெவோசெட்ரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற பிந்தைய மருந்துகளையே தோல் மருத்துவர்கள் விரும்புகின்றனர். அவற்றுக்கு அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் ஊசி உண்டு, விலைதான் அதிகம். மருத்துவர் ஆலோசனையோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வியர்க்கப் பழகியும் சிலர் தேறுகின்றனர். அனாஃபிலாக்சிஸ் வகையினருக்கு இந்தப் பழக்கம் ஆகாது. அவர்கள் சாப்பிட்ட பின் 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், தனியே ஓடக் கூடாது, முதல் அரிப்பிலேயே நின்றுவிட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். உயிர் காக்கும் மருந்து, தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி.