இரண்டு தட்டிகள்

ஆண்டாய்வுக்கு முதல் நாள் எங்கள் பள்ளியில் பாடம் நடக்காது. ஒட்டடை அடிப்போம், அட்டை கிழிந்த நோட்டுகளுக்குப் பழுப்புத்தாள் போடுவோம். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, பாடக்குறிப்பேடு எல்லாம் தலைமை ஆசிரியர் மேசையில் அடுக்காக ஏறும். மறுநாள் அதிகாரி வருவார். அன்றைக்கென்று முன் பெஞ்சுக்கு மாற்றப்பட்ட பையன் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிப்பான். அவர் ஏதோ எழுதிவிட்டுப் போவார். என்ன எழுதினார் என்பது என் அப்பாவுக்குத் தெரியாது. கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

இங்கிலாந்தில் 1839 முதலே அரசின் பள்ளி ஆய்வாளர்கள் உண்டு. 1992-இல் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு உருவான பிறகு, பள்ளிகளைச் சுழற்சி முறையில் ஆய்ந்து அறிக்கையைப் பொதுவில் வைப்பது வழக்கமானது. முதல் நாள்தான் தொலைபேசியில் தகவல் வரும், வெள்ளையடிக்க நேரமிருக்காது. ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பெற்றோருக்கு இணையத்தில் ஒரு கேள்வித்தாள்: பிள்ளை இங்கே பாதுகாப்பாக இருக்கிறதா, இந்தப் பள்ளியை இன்னொரு பெற்றோருக்குப் பரிந்துரைப்பீர்களா? அறிக்கையை யாரும் படிக்கலாம். லண்டனுக்குப் போன நம் ஆட்களிலும் அதைப் பார்த்துவிட்டு வீடு தேடுகிறவர்கள் உண்டு.

ஆனால் பலர் பார்த்தது அறிக்கையை அல்ல, அதன் தலையில் இருந்த ஒற்றைச் சொல்லை. மிகச்சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது என்று நான்கு படிகள். முதல் படி கிடைத்த பள்ளி அதைத் தட்டியாக அடித்து வேலியில் கட்டிவிடும். மிகச்சிறப்பு வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கும் இருந்தது. தட்டியில் இருப்பது எந்தக் காலத்துச் சொல் என்று பெற்றோர் யோசித்திருப்பார்களா, தெரியவில்லை.

ரெடிங் நகரில் கேவர்ஷாம் தொடக்கப் பள்ளி 2022 இறுதியில் நடந்த ஆய்வில் உச்சியிலிருந்து ஒரேயடியாகக் கடைசிப் படிக்கு இறக்கப்பட்டது. கற்பித்தல் நன்று, பிள்ளைகளின் நடத்தை நன்று. குழந்தைப் பாதுகாப்பு நடைமுறையில் கண்ட குறைகள் மொத்தத்தையும் கீழே இழுத்துவிட்டன. அறிக்கை வெளிவருமுன்பே, 2023 ஜனவரியில், தலைமை ஆசிரியை ரூத் பெர்ரி உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம் என்றது மரண விசாரணை. அதற்கு முன்பே, அறிக்கை வெளிவந்த சில மாதங்களில், மறு ஆய்வு நடந்திருந்தது. அதே பள்ளி ‘நன்று’ ஆனது. 2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் தீர்ப்பைக் கைவிட்டார்கள். 2025 நவம்பர் முதல் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக மதிப்பீடு. பெற்றோர் இனி கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும். எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

நம் ஊரிலும் பள்ளி வாசலில் தட்டி உண்டு. அதில் ஆய்வு இருக்காது, மதிப்பெண் இருக்கும்: பத்தாம் வகுப்பில் முதலில் வந்தவர்களின் படம், நூறு சதவீதத் தேர்ச்சி. மாநில அளவில் முதலிடம் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்திய பிறகும் ஃப்ளெக்ஸ் இளைக்கவில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் கண்ட குறையோ கோப்பில் ஏறி, ‘நிவர்த்தி செய்யப்பட்டது’ என்ற பதிலோடு அடங்கிவிடும். சட்டம் பெற்றோருக்கு நாற்காலி போட்டிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கோப்பு அவர்கள் முன் விரிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

மதிப்பெண் தட்டி சொல்லாத விஷயங்கள் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குக் கேட்கிற காகிதங்களை நான் வெறும் காகிதமாகப் பார்க்காததற்கு அந்த நாள்தான் காரணம்.

மகளைச் சேர்க்கப் போனபோது தீயணைப்புச் சான்றின் தேதியைக் கேட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் கட்டண அட்டையை நீட்டினார். மறுபடி கேட்டேன். “இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்களே சார்” என்றபடி எழுந்து பீரோ சாவியைத் தேடினார்.