ரூட் கோப்பு முறைமை நிரம்புதல்

யூனிக்ஸிலும் அதன் வழிவந்த லினக்ஸ், சோலாரிஸ், ஏஐஎக்ஸ் போன்ற இயங்குதளங்களிலும் எல்லாக் கோப்புகளும் ஒரே மரமாக அடுக்கப்படுகின்றன. மரத்தின் அடி, ஒற்றைச் சாய்கோட்டால் ( / ) எழுதப்படும் ரூட் அடைவு. அது குடியிருக்கும் டிஸ்க் பகுதியில் புதிதாக எழுத இடமில்லாமல் போவதே ரூட் கோப்பு முறைமை நிரம்புதல். சர்வர் பார்ப்பவர்கள் சுருக்கமாக 'ரூட் ஃபுல்' என்பார்கள். எழுத முயலும் நிரலுக்குக் கெர்னல் 28ஆம் எண் பிழையைத் திருப்பித் தரும். சாதனத்தில் இடம் மிச்சமில்லை என்பது அதன் பொருள்.

வேறொரு பகுதி நிரம்பினால் அதை நம்பியிருக்கும் வேலை மட்டும் நிற்கும். ரூட்டிலோ இயங்குதளத்தின் அமைப்புக் கோப்புகளும் கடவுச்சொல் பட்டியலும் அன்றாடக் கட்டளைகளும் இருக்கின்றன. தனிப் பகுதி ஒதுக்காத சர்வர்களில் லாக் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் அங்கேயே சேர்கின்றன. அசையாமல் இருக்க வேண்டியதையும் நாள்தோறும் வளர்வதையும் ஒரே பெட்டியில் வைப்பதுதான் இந்தத் தொல்லையின் முதற்காரணம்.

வரலாறு

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே, மிச்ச இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்', ஒவ்வோர் அடைவும் பிடித்திருக்கும் இடத்தைக் கூட்டிச் சொல்லும் 'டியூ' ஆகிய இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. இடப்பற்றாக்குறை யூனிக்ஸின் உடன்பிறப்பு. பிடிபி-11 கணினியில் ரூட் டிஸ்க் போதாமல் போனபோது, பயனர்களின் அடைவுகளுக்கென இருந்த இரண்டாம் டிஸ்க்கில் நிரல்கள் வைக்கப்பட்டன. அந்த டிஸ்க்கின் பெயர் 'யுஎஸ்ஆர்'. ஒரே வகை நிரல்கள் ரூட்டின் கீழ் ஓர் அடைவிலும் யுஎஸ்ஆரின் கீழ் இன்னோர் அடைவிலும் பிரிந்து கிடந்த வழக்கத்துக்கு இதுவே தொடக்கம் என்று சொல்வார்கள். ஃபெடோரா 17 பதிப்பு 2012இல் இரண்டையும் ஒன்றாக்கியது. பிற லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அதே வழியில் சென்றன.

1983இல் வந்த 4.2பிஎஸ்டியின் கோப்பு முறைமை, மொத்த இடத்தில் பத்து சதவீதத்தைச் சாதாரணப் பயனர்களுக்குத் தராமல் ஒதுக்கிவைத்தது. டிஸ்க் முற்றிலும் நிரம்பினால் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறி வேகம் குறையும் என்பது அதற்குக் காரணம். லினக்ஸின் எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைகள் ஐந்து சதவீதத்தை இயல்பாக ரூட் பயனருக்கென, அதாவது நிர்வாகிக்கென, வைக்கின்றன. எல்லோரும் 'இடமில்லை' என்று திரும்பும் நேரத்திலும் நிர்வாகி உள்ளே வந்து துப்புரவு செய்ய முடிவது இந்த ஒதுக்கீட்டால்தான். அதைச் சுழியமாக்கி இடம் மிச்சம் பிடிப்பவர்கள் தங்கள் ஏணியைத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள்.

அறிகுறிகள்

முதல் அடையாளம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். ஷெல்லில் கட்டளையைப் பாதி தட்டி டாப் பொத்தானை அழுத்தினால், தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்ற வரி வரும். தரவுத்தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கின்றன: மைஎஸ்கியூஎல் நிமிடத்துக்கு ஒருமுறை இடம் கிடைத்ததா என்று பார்த்தபடி காத்திருக்கும், போஸ்ட்கிரெஸ்கியூஎல், பரிமாற்றப் பதிவு எழுத இடமில்லாவிட்டால் தன்னையே நிறுத்திக்கொள்ளும். இந்த நேரத்தில் அமைப்புக் கோப்பு எதையும் திருத்திச் சேமிக்கக் கூடாது. பழைய உள்ளடக்கம் அழிந்து, புதியது எழுதப்படாமல், வெற்றுக் கோப்பு மட்டும் மிஞ்சலாம். கடவுச்சொல் பட்டியலுக்கு அப்படி நேர்ந்தால் உள்நுழையவே முடியாது.

அமீர்பேட் கேள்வி

பிரதமர் வாஜ்பாய் 1998 நவம்பரில் சைபர் டவர்ஸைத் திறந்துவைத்த பிறகு ஐதராபாத்தின் மேற்கில் ஹைடெக் சிட்டி பெருகியது. அந்த அலுவலகங்களுக்கு ஆள் பயிற்றும் இடமாக அதே நகரின் அமீர்பேட் ஆனது. மைத்ரிவனம் வட்டாரத்திலும் ஆதித்யா என்க்ளேவ் கட்டடங்களிலும் பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகள் மாடிக்கு மாடி தொங்குகின்றன. யூனிக்ஸ், லினக்ஸ் நிர்வாகம், ஆரக்கிள், கிளவுட் என்று எதுவும் அங்கே கற்கலாம். வெளி மாநில இளைஞர்கள் பக்கத்து விடுதிகளில் தங்கிச் சில மாதங்களில் படித்து முடித்து வேலை தேடுகிறார்கள். 'ரூட் நூறு சதவீதம் ஆகிவிட்டது, என்ன செய்வீர்கள்?' என்பது லினக்ஸ் நிர்வாகி வேலைக்கான நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி.

பெரிய கோப்பைத் தேடி அழிப்பேன் என்பது மனப்பாட விடை. நல்ல தேர்வாளர் அங்கே நிறுத்துவதில்லை. டிஎஃப் நூறு சதவீதம் என்கிறது, டியூ கூட்டினால் பாதிகூட வரவில்லை, மீதி எங்கே என்று கேட்பார். கற்றவரையும் செய்தவரையும் பிரித்துக் காட்டும் கேள்வி இது. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு.

முதலாவது, அழிக்கப்பட்டும் சாகாத கோப்பு. யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை அடைவிலிருந்து எடுப்பது மட்டுமே. ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் டிஸ்க்கில் இருந்துகொண்டே இருக்கும். பெயர்களைத் தொடர்ந்து போகும் டியூ அதைக் காணாது. கோப்பு முறைமையின் கணக்கையே படிக்கும் டிஎஃப் காணும். பல ஜிபி லாக் கோப்பை அவசரத்தில் அழித்துவிட்டு, இடம் ஒரு துளிகூடக் கூடவில்லையே என்று திகைப்பது இதனால்தான். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்சாஃப்' கட்டளை, பெயரிழந்த கோப்பையும் அதைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டிக்கொடுக்கும். அந்த நிரலை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக்கை அழிக்காமல், அதன் நீளத்தைச் சுழியமாக வெட்டுவதே முறை.

இரண்டாவது, மவுன்ட் அடியில், அதாவது ஒரு டிஸ்க்கை மரத்தில் இணைக்கும் அடைவின் அடியில், புதைந்தவை. காப்புப் பிரதி எழுத வேண்டிய வெளி டிஸ்க் ஒரு நாள் இரவு இணைக்கப்படாமல் இருந்திருக்கும். காப்பு நிரலுக்கு அது தெரியாது. வெறும் அடைவாக இருந்த அந்த இடத்திலேயே, அதாவது ரூட்டிலேயே, எழுதிவிடும். காலையில் டிஸ்க்கை இணைத்ததும் இரவு எழுதியவை அதன் அடியில் மறைந்துபோகும். ரூட்டை மட்டும் இன்னோர் இடத்திலும் இணைத்து (பைண்ட் மவுன்ட்) பார்த்தால் புதைந்தவை தெரியும். இதற்கு அண்ணன் முறையில் ஒரு பழைய பிழையும் உண்டு: சோலாரிஸில் டேப் சாதனத்தின் பெயரில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால், காப்புப் பிரதி முழுவதும் டேப்புக்குப் போகாமல் சாதன அடைவில் ஒரு சாதாரணக் கோப்பாக விழுந்து ரூட்டை நிரப்பிவிடும்.

இடம் இருந்தும் எழுத முடியாத நிலை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைக் குறித்துவைக்கும் ஓர் ஐநோட் வேண்டும். எக்ஸ்ட்4 முறைமையை உருவாக்கும்போதே, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில், ஐநோட்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. வலைத்தளத்தின் செஷன் கோப்புகளோ, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் அனுப்பி எவரும் படிக்காத அஞ்சல்களோ லட்சக்கணக்கில் குவிந்தால் ஐநோட் தீர்ந்துபோகும். பிழை எண் அதே 28. டிஎஃப் கட்டளைக்கு 'ஐ' என்ற தெரிவைச் சேர்த்துக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

மற்றவை அன்றாடக் காரணங்கள்: சுழற்றப்படாத லாக், செயலிழந்த நிரல் விட்டுச்சென்ற கோர் கோப்பு, பழைய கெர்னல்கள், டாக்கர் சேர்த்துவைக்கும் படிமங்கள். டியூ கட்டளையை ரூட்டின் எல்லையைத் தாண்டாத தெரிவோடு ஓட்டினால் இவை தாமாகவே அகப்படும். அந்தத் தெரிவை மறந்தால் இணைந்திருக்கும் மற்ற டிஸ்க்குகளையும் சேர்த்துக் கூட்டி மணிக்கணக்கில் அலையவிடும்.

தடுப்பு

லாக்ரொடேட் என்ற கருவி லாக் கோப்புகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றி, சுருக்கி, பழையதைக் கழிக்கிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னல், இயல்பாகத் தான் இருக்கும் கோப்பு முறைமையில் பத்து சதவீதத்துக்கும் 4 ஜிபிக்கும் மேல் போவதில்லை. இவற்றைவிட உறுதியானது லாக் அடைவுக்கும் தற்காலிக அடைவுக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்குவது. லாக் பகுதி நிரம்பினால் லாக் மட்டும் நிற்கும்.

இட நெருக்கடி பெரிய ஆலைகளையும் விடுவதில்லை. டொயோட்டா நிறுவனத்தில் 2023 ஆகஸ்ட் 27 அன்று நடந்த பராமரிப்புப் பணியின்போது டிஸ்க் இடம் போதாமல், உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் நின்றன. அதே அமைப்பில் ஓடிய மாற்று சர்வர்களுக்கும் அதே கதி. 29ஆம் தேதி ஜப்பானில் அதன் 14 வாகன ஆலைகளிலும் உற்பத்தி நின்றது. தரவைக் கூடுதல் கொள்ளளவுள்ள சர்வருக்கு மாற்றிய பிறகே மறுநாள் தொடங்கியது.

கிளவுடில்

அமேசான் வெப் சர்வீசஸ் 2022 நவம்பரில், மும்பைக்கு அடுத்து இந்தியாவில் தன் இரண்டாம் தரவு மைய மண்டலத்தை ஐதராபாத்தில் தொடங்கியது. அமேசான் லினக்ஸ் படிமத்தில் எழுப்பும் சர்வரின் ரூட் டிஸ்க், வேறு அளவு கேட்காவிட்டால் 8 ஜிபி. லாக்குக்கெனத் தனிப் பகுதியும் கிடையாது, அதுவும் ரூட்டில்தான். பழைய சர்வர் அறைகளில் கற்ற பிரித்துவைக்கும் பழக்கம் இங்கே நழுவிப்போனது வருந்தத்தக்கது.

டிஸ்க்கைப் பெரிதாக்குவது இங்கே எளிது: சர்வர் ஓடும்போதே அளவைக் கூட்டி, 'குரோபார்ட்' கட்டளையால் பகுதியை நீட்டி, பிறகு கோப்பு முறைமையை விரிக்கலாம். ஆனால் குரோபார்ட் தன் வேலைக்குத் தற்காலிக அடைவில் கொஞ்சம் எழுத வேண்டும். அந்த அடைவும் ரூட்டிலேயே இருந்து, ரூட் முழுக்க நிரம்பியிருந்தால் அதற்கும் 28ஆம் எண் பிழைதான் கிடைக்கும். தற்காலிக அடைவின் மேல் நினைவகத்தில் 10 எம்பி அளவுக்கு ஒரு டெம்ப்எஃப்எஸ் மவுன்ட் செய்துவிட்டு ஓட்டினால் வேலை நடக்கும். முடிந்ததும் அதைக் கழற்றிவிடலாம்.

கூட்டியதைக் குறைக்க வழியில்லை. அமேசானின் டிஸ்க் வளருமே தவிரச் சுருங்காது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் இயல்பாக வரும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையும் அப்படியே. ஒரு நாள் கட்டுமீறிய லாக்குக்காக 8 ஜிபியை 100 ஆக்கியவர், லாக்கைத் துடைத்த பின்னும் 100 ஜிபிக்கே மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும்; அல்லது சிறிய டிஸ்க் ஒன்றை உருவாக்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து, சர்வரை அதிலிருந்து எழுப்ப வேண்டும்.