விலக்கலின் வரலாறு: முகப்பு வழங்கிப் பராமரிப்பும் இணையச் செயலிகளின் இடையறாமையும்

இணையச் செயலிகள் இடையறாது இயங்கும் நிலையை எவ்வாறு எய்தின என்பதைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் வழங்கிகளைப் பெருக்கியதன் வரலாற்றையே கூறுகின்றன. ஒன்றிருந்த இடத்தில் பல நிறுத்தப்பட்டன. ஒன்று பழுதுற்றாலும் பிற பணியைத் தொடர்ந்தன என்பது அவற்றின் சாரம். பழுதுக்கு இவ்விளக்கம் போதும். பராமரிப்புக்குப் போதாது. பழுது எதிர்பாராமல் நேர்வது. பராமரிப்போ நாமே நாள் குறித்து, நன்கு இயங்கும் வழங்கி ஒன்றை நிறுத்துவது. அவ்வாறு நிறுத்தும்போது அதில் பாதியில் நிற்கும் வேண்டுகோள்கள் என்னாகும் என்பதே வினா. வழங்கியைச் சேர்ப்பதைக் காட்டிலும் விலக்குவதே கடினமாக இருந்தது என்பதையும், அக்கடினம் முகப்பு வழங்கியில் உச்சமுற்றது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பின்னிருக்கும் வழங்கிகள் விலகுவதை முகப்பு மறைத்துவிடும். முகப்பே விலகுவதை மறைக்க அதன் முன்னே எவரும் இல்லை.

1994ஆம் ஆண்டு இலினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ நிறுவனம் தன் வலைத்தளத்திற்குப் பல வழங்கிகளை அமைத்தது. ஒரே பெயருக்குரிய முகவரிகளை டிஎன்எஸ் சுழற்சி முறையில் தந்தது. ஆவணங்கள் பொதுவான கோப்பு முறைமையில் இருந்தமையால் எவ்வழங்கியும் எப்பக்கத்தையும் தர இயன்றது. டிஎன்எஸ் வழிச் சுமைப் பகிர்வை 1995 ஏப்ரலில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1794 விவாதித்தது. ஆயினும் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை நீக்குவதால் வருகை நின்றுவிடவில்லை. இடைநிலை வழங்கிகள் பழைய விடையைச் சேமித்து வைத்திருந்தன. குறித்த காலவரம்பைச் சில மதிக்கவும் இல்லை. நீக்கப்பட்ட வழங்கியின் வாயிலில் பயனர் தொடர்ந்து வந்து நின்றனர். பராமரிப்பு நள்ளிரவுப் பணியாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இதற்கு மாற்றாக, ஒரே முகவரியில் நின்று இணைப்புகளைப் பங்கிடும் சுமைப் பகிர்விகள் வந்தன. வென்சோங் ஜாங் 1998இல் தொடங்கிய லினக்ஸ் மெய்நிகர் வழங்கித் திட்டத்தில் ஒவ்வொரு வழங்கிக்கும் ஓர் எடைமதிப்பு உண்டு. அதனைச் சுழியமாக்கினால் புதிய இணைப்புகள் அவ்வழங்கிக்குச் செல்லா. இருப்பவை முடியும்வரை தொடரும். விலக்கல் என்ற கருத்து இங்கே தெளிவான வடிவம் பெறுகிறது: துண்டிப்பதன்று, வற்றவிடுவது. பயனரின் அமர்வுத் தரவு அவ்வழங்கியின் நினைவகத்திலேயே இருப்பின் வற்றவிடுதலும் முழுப்பயன் தராது. எனவே அத்தரவு படிப்படியாகப் பொதுச் சேமிப்புக்கு இடம்பெயர்ந்தது.

பின்னிருப்பவற்றின் சிக்கல் இவ்வாறு தணிந்தபோது சுமைப் பகிர்வியே தனித்து நின்றது. 1998இல் ஆர்.எஃப்.சி. 2338 வரையறுத்த விஆர்ஆர்பி நெறிமுறையின்படி ஒன்றன் முகவரியை மற்றொன்று ஏற்கலாம். முகவரி கைமாறும், ஆனால் திறந்திருக்கும் இணைப்புகளைப் பற்றிய அறிவு தானாகக் கைமாறாது.

இணைப்பைக் கைவிடாமல் மென்பொருளை மட்டும் மாற்றும் வழியை இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் நேர்த்தியாகக் காட்டியது. பழைய முதன்மைச் செயலாக்கம் ஒரு சமிக்ஞை பெற்றதும் புதிய நிரலைத் தொடங்குகிறது. செவிமடுக்கும் சாக்கெட்டுகளைப் புதியது மரபுரிமையாகப் பெறுகிறது. சிறிது நேரம் இரண்டும் ஒரே வாயிலில் நிற்கின்றன. புதியது பிழைபட்டால் பழையதற்கே திரும்பவும் இயலும். பராமரிப்பாளரின் அச்சத்தை அறிந்த ஒருவரின் வடிவமைப்பு இது.

வில்லி டாரோவின் எச்ஏபிராக்ஸி வேறு வழியில் சென்றது. அதில் புதிய செயலாக்கம் தனியே வாயிலைத் திறந்துகொண்டு, பழையதை விலகுமாறு பணிக்கும். பழையது வாயிலை விட்டுப் புதியது பற்றும் இடைவெளியில் சில வேண்டுகோள்கள் மறுக்கப்பட்டன. 2013இல் லினக்ஸ் 3.9 கெர்னலில் வந்த வாயில்பகிர்வு வசதி இவ்விடைவெளியை அடைத்துவிடும் எனத் தோன்றியது. ஆனால் அவ்வசதியில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வரிசை உண்டு. பழைய சாக்கெட் மூடப்படுகையில், அதன் வரிசையில் ஏற்கப்படாமல் காத்திருந்த இணைப்புகள் முறிக்கப்பட்டன. ஒருமுறை மீளேற்றினால் இழப்பு சிறிது. பின்வழங்கிகளின் பட்டியல் மாறுந்தோறும் மீளேற்றும் அமைப்புகளில் அது புறக்கணிக்கத்தக்கதன்று.

அடுத்து வந்த தீர்வுகள் ஆய்வாளரின் தனிக் கவனத்திற்குரியவை. 2015இல் யெல்ப் நிறுவனப் பொறியாளர்கள் மீளேற்றும் கணத்தில் புதிய இணைப்புக்கான முதற்பொதிகளைக் கெர்னலிலேயே சற்றுத் தடுத்து வைத்து, பின்னர் விடுவித்தனர். இழப்பு தாமதமாக மாறியது. 2016இல் கிட்ஹப் சாக்கெட்டுகளைத் தனியொரு செயலாக்கத்தின் பொறுப்பில் விட்டது. 2017 நவம்பரில் வெளிவந்த எச்ஏபிராக்ஸி 1.8 பதிப்பில், பழைய செயலாக்கம் திறந்த சாக்கெட்டையே யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் புதியதிடம் ஒப்படைத்தது. கோப்புக் கைப்பிடிகளை இவ்வாறு ஒப்படைக்கும் வசதி பிஎஸ்டி யூனிக்ஸில் 1980களிலேயே இருந்தது. கருவி முன்பே இருந்தும் தீர்வு பிந்தியதற்குக் காரணம் அறியாமை அன்று என்பதே என் கருத்து; மீளேற்றம் அரிதாயிருந்த வரையில் அச்சிறு இழப்பை எவரும் இழப்பாகக் கணக்கிடவில்லை.

இணைப்பின் ஆயுள் நீண்டபோது கணக்கு மீண்டும் மாறியது. 2015இல் ஆர்.எஃப்.சி. 7540 வரையறுத்த எச்டிடிபி/2 நெறிமுறையில், விலகவிருக்கும் வழங்கி அதனை முன்கூட்டியே மறுமுனைக்கு அறிவிக்கும் சட்டகம் ஒன்று இடம்பெற்றது. விலக்கல் நெறிமுறையின் மொழியிலேயே ஒரு சொல்லைப் பெற்றது இங்கேதான். எனினும் நெடுநேரப் பதிவேற்றம் நடுவில் நிற்கையில் அறிவிப்பு மட்டும் உதவாது. 2020ஆம் ஆண்டு சிக்காம் மாநாட்டில் ஃபேஸ்புக் பொறியாளர்கள் அளித்த கட்டுரை இதற்கொரு முறையை விவரிக்கிறது. முகப்புப் பதிலியில் சாக்கெட் ஒப்படைப்பே நிகழ்கிறது. பின்னிருக்கும் செயலி வழங்கி மறுதொடக்கம் பெறுகையில், தான் அதுவரை பெற்ற பாதித் தரவை 379 என்னும் நிலைக்குறியுடன் பதிலிக்கே திருப்பியனுப்புகிறது. பதிலி அதனை வேறொரு வழங்கியிடம் முதலிலிருந்து சேர்ப்பித்து, பயனரிடமிருந்து வரும் மீதியையும் தொடர்ந்து அனுப்புகிறது.